ஜூலியின் இருமலும் அப்பாவின் புதுச் சிறுநீரகமும்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. மூன்று மாதங்களுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. புதுச் சிறுநீரகத்தை உடல் தாக்காமல் இருக்க, டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு உட்பட நான்கைந்து மாத்திரைகள் சாப்பிடுகிறார். போன வாரம் அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது, எங்கள் ஆறு வயது நாய் ஜூலியை மூன்று நாள் ஒரு நாய் விடுதியில் விட்டிருந்தோம். வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாளிலிருந்து, தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் விடாமல் இருமுகிறாள். கடைசியில் வெள்ளையாக நுரை கக்குகிறாள். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "விடுதியில் ஒட்டிக்கொண்ட இருமல், தானே சரியாகிவிடும்" என்றார். இது அப்பாவுக்கும் ஒட்டுமா? நாயை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். அப்பாவோ, "அவள் போனால் நான் சாப்பிட மாட்டேன்" என்கிறார். இரவில் ஜூலி அவர் கால்மாட்டில்தான் படுப்பாள். பக்கத்து வீட்டுக்காரர், "நாய்க்குப் பதிலாக ஒரு ஜோடிக் கிளி தருகிறேன், கூண்டுக்குள்தானே இருக்கும், ஆபத்தில்லை" என்கிறார். என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கவலையோடு காத்திருப்பீர்கள் என்பதால் விடைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூலியின் இருமல் அப்பாவுக்குத் தொற்றக்கூடும். அரிதுதான், ஆனால் அவரைப் போன்றவர்களுக்குத் தொற்றியிருக்கிறது. அதற்காக ஜூலியை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. இன்றிரவு முதல் அவள் அப்பாவின் அறையில் படுக்கக் கூடாது. கிளிகள் இப்போது வேண்டவே வேண்டாம்.

நீங்கள் விவரித்த இருமலை, கால்நடை மருத்துவரான நான், வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது கேட்கிறேன். கழுத்தை முன்னே நீட்டி, முன்கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, நெஞ்சின் அடியிலிருந்து வறட்டு இருமலாக இருமித் தள்ளும். முடிவில் ஓங்கரித்துக் கொஞ்சம் வெண்ணுரையைத் தரையில் விட்டுவிட்டு, எதுவுமே நடக்காததுபோல் வாலை ஆட்டும். எலும்பு சிக்கிக்கொண்டது என்று பதறி, வாய்க்குள் விரலை விட்டுத் தேடி, கடிபட்டு வருகிறவர்கள் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யாதது நல்லது.

இந்த இருமலுக்குக் காரணம் ஒரே கிருமி அல்ல. நாய்களுக்கே உரிய சில வைரஸ்களும் போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பாக்டீரியாவும் தனித்தோ சேர்ந்தோ மூச்சுக்குழாயைத் தாக்குகின்றன. அப்பாவை முன்னிட்டு நாம் கவனிக்க வேண்டியது அந்தப் பாக்டீரியாவை. குழந்தைகளுக்கு வரும் கக்குவான் இருமலின் கிருமிக்கு இது நெருங்கிய உறவு. மூச்சுக்குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, உள்ளே வரும் தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். போர்டெடெல்லா நேராகப் போய் அந்த இழைகளைப் பற்றிக்கொண்டு அவற்றின் அசைவை முடக்குகிறது. பெருக்குவது நின்றுபோன வீட்டில் குப்பை சேர்வதுபோல் சளி தேங்குகிறது, அதில் வேறு கிருமிகளும் குடியேறுகின்றன. பல நாய்கள் அடுத்தடுத்துத் தங்கி ஒரே காற்றைச் சுவாசிக்கும் இடத்தில் இது வெகு வேகமாகப் பரவும். தொற்றிய இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் இருமல் தொடங்கும். நீங்கள் எழுதிய ஐந்தாம் நாள் கணக்கு இதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

உடல்நலத்தோடு இருக்கும் உங்களையும் வீட்டில் மற்றவர்களையும் இந்தக் கிருமி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அப்பாவின் நிலை வேறு. வந்து சேர்ந்த சிறுநீரகத்தை உடல் வேற்றுப்பொருள் என்று தாக்காமல் இருப்பதற்காக, அவருடைய எதிர்ப்பு ஆற்றலை மாத்திரைகள் வேண்டுமென்றே தாழ்த்தி வைத்திருக்கின்றன. முதல் மாதங்களில் அந்த மாத்திரைகளின் வீரியமும் அதிகம். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், எச்.ஐ.வி. தொற்று முற்றியவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள், கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டவர்கள் ஆகியோரிடம் இந்த நாய்க்கிருமி நிமோனியாவை உண்டாக்கிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நாய் பூனையோடு கோடிக்கணக்கானோர் வாழும் உலகில் அவை மிகச் சிலவே. ஆனாலும் உங்கள் அப்பா அந்தச் சிலர் இருக்கும் வரிசையில் நிற்கிறார் என்பதை மறக்க முடியாது.

"தானே சரியாகிவிடும்" என்று உங்கள் கால்நடை மருத்துவர் சொன்னதில் பிழையில்லை. ஜூலியைப் பொறுத்தவரை அது உண்மை. பெரும்பாலான நாய்களுக்கு ஒன்று முதல் மூன்று வாரத்தில் இருமல் அடங்கிவிடும். ஆனால் அப்பாவின் அறுவை சிகிச்சை பற்றி அவரிடம் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துப் பார்த்தேன், சொன்னதாகத் தெரியவில்லை. உங்களைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர், விடுதியில் சேர்ப்பதற்கு முன் இந்த இருமலுக்கான தடுப்பு மருந்து போட வேண்டும் என்று தம் நாயை என்னிடம் கொண்டுவந்தார். மூக்கில் விடும் வகை மருந்தை விட்டேன். நாய் தலையை உலுக்கித் தும்மியது. அவர் கைக்குட்டையை எடுத்து அதன் மூக்கைத் துடைத்தார், அதையே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது, "சீக்கிரம் போக வேண்டும் டாக்டர், மனைவிக்கு இன்று நாலாவது கீமோதெரபி" என்றார். எனக்குக் கை கால் சில்லிட்டுவிட்டது. ஏனென்றால் மூக்கில் விடும் அந்த மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள போர்டெடெல்லா. மருந்து பெற்ற நாய் அந்தக் கிருமியை ஆறு வாரம் வரைகூட மூக்கிலிருந்து வெளியேற்றலாம். கீமோதெரபி பெறுகிறவர்களைப் போல எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்கள் அந்தக் காலத்தில் நாயை நெருங்க வேண்டாம் என்று மருந்தோடு வரும் தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். அவரை மறுபடி உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். கைக்குட்டையை வாங்கி அப்புறப்படுத்தினேன். நாய் ஆறு வாரம் அவருடைய தம்பி வீட்டில் இருந்தது. அவருடைய மனைவிக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அவர் போகிற போக்கில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் போயிருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. அன்றிலிருந்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் உடல்நிலை எப்படி என்று கேட்காமல் எந்த நாயின் மூக்கிலும் நான் மருந்து விடுவதில்லை.

உங்களுக்கு நான் வலியுறுத்தும் செய்தியும் இதுதான். அப்பாவின் மருத்துவருக்கு ஜூலி இருப்பது தெரிய வேண்டும். ஜூலியின் மருத்துவருக்கு அப்பாவின் நிலை தெரிய வேண்டும். இந்த இருவரும் ஒருவரையொருவர் சந்திக்கப் போவதில்லை. இரண்டு இடத்துக்கும் போகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

இனி வீட்டுக்குள். ஜூலி இருமும் நாள்கள் முழுவதும் அப்பாவும் அவளும் வேறு வேறு அறையில் இருக்கட்டும். இருமலில் தெறிக்கும் நுண்துளிகள், மூக்குநீர், எச்சில் ஆகியவைதான் கிருமியின் வாகனம். ஆகவே ஒரே சோபா, ஒரே போர்வை, கால்மாட்டுப் படுக்கை எதுவும் ஆகாது. அவள் படுத்திருந்த விரிப்புகளை இன்றே வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். அப்பாவின் அறையைத் துடைத்து ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஜூலிக்குச் சாப்பாடு வைப்பது, கிண்ணத்தைக் கழுவுவது, அவள் கக்கிய நுரையைத் துடைப்பது எல்லாம் உங்கள் வேலை. முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுத்தான் அப்பாவின் மாத்திரை டப்பாவைத் தொட வேண்டும். இருமும் நாயைக் குளியலறையில் வெந்நீர் ஆவிக்குள் சிறிது நேரம் உட்காரவைக்கச் சிலர் சொல்வார்கள், ஜூலிக்கு அது இதமாகத்தான் இருக்கும். ஆனால் மூடிய சிறு அறையில் அவள் இருமிய காற்று அங்கேயே நிற்கும். அந்தக் குளியலறையை அப்பா பயன்படுத்துவதாக இருந்தால் வேண்டாம்.

நெருக்கத்தைப் பற்றி நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்கு என் தொழில்காரர்களுக்கு நேர்ந்ததும் ஒரு காரணம். 2021இல் தாய்லாந்தில் ஒரு கால்நடை மருத்துவர், கோவிட் தொற்றிய ஒரு குடும்பத்தின் பூனையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். பூனை அவர் முகத்துக்கு நேராகத் தும்மியது. கையுறை அணிந்திருந்தார், முகக்கவசம் அணிந்திருந்தார், கண்களுக்கு மட்டும் மறைப்பில்லை. சில நாளில் அவருக்குக் கோவிட் வந்தது. 2016இன் இறுதியில் நியூயார்க் நகரத்தின் விலங்குக் காப்பகங்களில் நூற்றுக்கணக்கான பூனைகளுக்குப் பறவைக் காய்ச்சல் வகை ஒன்று பரவியபோதும், நோயுற்ற பூனைகளுக்கு அருகிலிருந்து சிகிச்சையளித்த கால்நடை மருத்துவர் ஒருவருக்கு அது தொற்றியது. கிருமிகள் வேறு வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் நோயுற்ற விலங்கின் மூச்சுக்கு மிக அருகில் மனிதர் இருந்தார். ஜூலி அப்பாவின் முகத்தை நக்குவதும் அவர் அவளைத் தூக்கி நெற்றியில் முத்தமிடுவதும் அத்தகைய நெருக்கம்தான்.

எத்தனை நாள் இப்படி என்று கேட்பீர்கள். இருமல் நின்ற அன்றே கிருமியும் போய்விடுவதில்லை. வாரக்கணக்கில், சில நாய்களில் மூன்று மாதம் வரைகூட, மூக்கிலும் தொண்டையிலும் அது தங்கியிருக்கும். அதனால் இருமும் காலத்தில் முழுப் பிரிவு. அடங்கிய பிறகு அப்பாவின் மருத்துவர் சரி சொன்னதும், அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க ஜூலி கால்பக்கம் வந்து நிற்கலாம், முதுகைத் தடவிக் கொடுக்கலாம், உடனே கை கழுவிக்கொள்ளலாம். படுக்கையும் முகமும் மட்டும் இனி எப்போதும் அவளுக்கு இல்லை. நாய் பூனைகளின் வாயில் இயல்பாகவே வாழும் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள், ஒரு சிறு கீறல் வழியாகவோ மூச்சின் வழியாகவோ புகுந்து இப்படிப்பட்டவர்களை வதைப்பதுண்டு. அறுவை சிகிச்சைத் தழும்பின் அருகே நக்கவிடவே கூடாது.

வீடு சிறியது, பிரிக்க வழியில்லை என்றால் சில வாரங்களுக்கு ஜூலியை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். அந்த வீட்டில் வேறு நாயும் கைக்குழந்தையும் நோயாளியும் இருக்கக் கூடாது. அப்பாவிடம் இதைச் சொல்லும்போது திரும்பி வரும் நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் அடம்பிடிக்கிறார் என்று எண்ணாதீர்கள். மாதக்கணக்கில் ஊசியும் குழாயுமாகக் கிடந்தவருக்கு, தன்னை நோயாளியாகப் பார்க்காத ஒரே உயிர் அவள்தான். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று ஜூலி வாலாட்டுவதைத் தினமும் பார்க்க விடுங்கள். அதில் எந்தத் தொற்றும் இல்லை.

ஜூலிக்கு மருந்து தேவையா என்பதை அவள் மருத்துவர், அப்பாவின் நிலை தெரிந்த பிறகு, புதிதாகத் தீர்மானிக்கட்டும். சாதாரண வீட்டில் நானும் இதற்கு ஆன்டிபயாடிக் கொடுக்க மாட்டேன். உங்கள் வீட்டில் என்றால் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதிப்பதையும் மருந்து தொடங்குவதையும் சீக்கிரமே யோசிப்பேன். ஆனாலும் மருந்து கொடுத்ததால் கிருமி முழுதும் ஒழிந்தது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப்பட்டை போடுங்கள், இழுக்கும்போது தொண்டை அழுந்தி இருமல் அதிகமாவது தவிரும். மனிதர்களின் இருமல் மருந்தைத் தராதீர்கள். பலவற்றில் நாய்க்கு நஞ்சாகும் பொருள்கள் உண்டு. உணவை மறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, படுத்திருக்கும்போதும் மூச்சு வேகமாக வாங்கினாலோ அது நிமோனியாவாக இருக்கலாம். அன்றே அழைத்துப் போங்கள். இப்போது இருமிக்கொண்டிருக்கும்போது தடுப்பு மருந்து போட்டுப் பயனில்லை. பின்னால் போடும்போது மூக்கில் விடும் வகை வேண்டாம் என்றும், உயிரில்லாத கிருமியால் ஆன ஊசி கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

அப்பாவுக்கு வருகிறேன். நான் விலங்கு மருத்துவர், அவருக்கு மருந்து சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அவருடைய மருத்துவரிடம் ஜூலியைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். நிமோனியா என்றதும் பொதுவாகக் கை போகும் பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் போர்டெடெல்லாவிடம் பெரும்பாலும் பலிப்பதில்லை. வீட்டில் இருமும் நாய் இருக்கிறது என்று தெரிந்தால் மருத்துவர் சளியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பும்போதே ஆய்வகத்துக்கு அதைக் குறிப்பிடுவார், மருந்தையும் அதற்கேற்பத் தேர்வார். இன்னொன்று, ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சல் வெளியே தெரியாமலே போகலாம். உடம்பு சுடவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். புதிதாக இருமல், படியேறும்போது மூச்சிரைப்பு, வழக்கத்துக்கு மாறான களைப்பு, இவற்றில் எது வந்தாலும் அன்றே தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

மருந்துக் கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்றவை இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவை ஏற்றிவிடும், அளவு மீறிய டாக்ரோலிமஸ் அந்தப் புதுச் சிறுநீரகத்தையே கெடுக்கும். இத்தனை பாடுபட்டுப் பெற்றதை ஒரு இருமல் மாத்திரையில் இழக்கக் கூடாது.

அடுத்து, கிளிகள். கூண்டுக்குள் இருக்கிறது, ஆகவே ஆபத்தில்லை என்பது பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல மனம். ஆனால் நுரையீரல் தொற்றைப் பொறுத்தவரை, நாயைவிடப் பறவையைத்தான் நான் அஞ்சுவேன். கூண்டின் கம்பிகள் பறவையைத்தான் நிறுத்தும், தூசியை நிறுத்தாது. அடித்தட்டில் காய்ந்து கிடக்கும் எச்சத்தையும் சிறகுத் துகளையும் துடைப்பத்தால் தட்டிப் பாருங்கள், வெயில் கீற்றில் மெல்லிய புகை எழும். அந்தப் புகையில் சிட்டகோசிஸ் என்னும் கிளிக்காய்ச்சலின் கிருமி இருக்கலாம். கிளமிடியா சிட்டாசி என்று பெயர். பறவை எந்த நோயும் இல்லாததுபோல் கொஞ்சிக்கொண்டே கிருமியை வெளியிடும். இடம் மாற்றி, பயணம் செய்வித்து, நெருக்கி அடைத்தால் இன்னும் அதிகமாக வெளியிடும். புதிதாக வந்த பறவை அந்த நிலையில்தான் வீட்டுக்குள் நுழைகிறது. சுவாசித்தவருக்கு ஐந்து முதல் பதினான்கு நாளில் கடும் காய்ச்சலும் தலைவலியும் வறட்டு இருமலும் வரும், பிறகு நிமோனியா. 1929, 1930ஆம் ஆண்டுகளில் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் அனுப்பப்பட்ட கிளிகள் வழியாக இந்த நோய் பல நாடுகளில் பரவி உயிர்களைப் பறித்தது. இன்று இதற்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கிறது. ஆனால் சந்தேகித்தால்தான் அதைக் கொடுப்பார்கள். வீட்டில் கிளி இருப்பதைச் சொன்னால்தான் சந்தேகிப்பார்கள், ஏனென்றால் வழக்கமான கல்ச்சரில் இந்தக் கிருமி வளராது.

உங்கள் வீட்டுக்கு இன்னும் நெருக்கமான ஒரு நிகழ்வும் உண்டு. சிறுநீரக மாற்று செய்துகொண்ட 72 வயதுப் பெண் ஒருவருக்கு கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் மூளை உறையில் அழற்சி வந்தது. அவர் வளர்த்த காக்கட்டூ கிளியின் எச்சத்தில் எடுத்த பூஞ்சையும் அவர் உடலில் எடுத்த பூஞ்சையும் ஒன்றே என்று மரபணுச் சோதனை காட்டியது. 2000ஆம் ஆண்டில் இது மருத்துவ இதழில் வெளிவந்தது. மூச்சில் நுழையும் இந்தப் பூஞ்சை முதலில் நுரையீரலில் தங்கி, எதிர்ப்பு ஆற்றல் இல்லாதவர்களிடம் அங்கிருந்து மூளைக்குப் பரவுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லி, மருத்துவர் தடுத்துவிட்டார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். பறவை மட்டுமல்ல, எந்தப் புதுப் பிராணியும் முதல் ஓராண்டுக்காவது வீட்டுக்குள் வர வேண்டாம். ஜன்னல் விளிம்பிலோ மொட்டைமாடியிலோ புறா எச்சம் இருந்தால் அதையும் அப்பா தொடக் கூடாது. அதைச் சுத்தம் செய்பவர் முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்த பிறகே அள்ள வேண்டும்.

உறவினர்களிடம் ஒன்று கேளுங்கள். நலம் விசாரிக்க வருகிறவர்களில் எத்தனை பேர் சளியோடும் தும்மலோடும் வந்து அப்பாவின் கட்டிலிலேயே உட்கார்ந்து பேசுகிறார்கள்? அப்பாவுக்கு மூச்சுத் தொற்று வருமானால் அது ஜூலியிடமிருந்து வருவதைவிட ஒரு மனிதரிடமிருந்து வருவதற்கே வாய்ப்பு பல மடங்கு அதிகம். தாய்லாந்துப் பூனைக்கும் அதை வளர்த்தவர்களிடமிருந்துதான் கோவிட் தொற்றியதாகக் கண்டறிந்தார்கள். வீட்டில் எல்லோரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இருமுகிறவர் யாராக இருந்தாலும், நான்கு காலோ இரண்டு காலோ, அந்த அறைக்குள் போகக் கூடாது.

நாளை காலை முதல் வேலையாக இரண்டு சிறு தாள்களை எழுதிக்கொள்ளுங்கள். ஜூலியின் மருத்துவரிடம் கொடுக்க வேண்டியதில்: "வீட்டில் 61 வயதுக்காரர், மூன்று மாதத்துக்கு முன் சிறுநீரக மாற்று, டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் சாப்பிடுகிறார், நாய் இதுவரை அவர் அறையில் படுத்தது." அப்பாவின் மருத்துவரிடம் கொடுக்க வேண்டியதில்: "வீட்டு நாய் விடுதியிலிருந்து வந்த ஐந்தாம் நாள் முதல் இருமுகிறது, போர்டெடெல்லாவாக இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர் கருதுகிறார், இன்ன தேதியிலிருந்து பிரித்து வைத்திருக்கிறோம்." இரண்டிலும் மற்ற மருத்துவரின் தொலைபேசி எண்ணை எழுத மறக்காதீர்கள்.